ஆசிட்டா, பிளீச்சிங் பவுடரா, எலுமிச்சை உப்பா?

எங்கள் அலுவலகக் கழிவறையைக் கழுவும் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் தரையைத் தேய்ப்பார். புடவைத் தலைப்பு மூக்கைச் சுற்றியிருக்கும். வெளியே வந்தால் நெடுநேரம் இருமல். அதைப் பார்த்த பிறகுதான், அவர் கையில் என்ன கொடுக்கிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தேன்.

போர் தண்ணீரின் உப்புக்கறை ஆசிட் ஊற்றிய வேகத்தில் நுரைத்துப் போய்விடும். அதனால்தான் எல்லோரும் அதை விரும்புகிறார்கள். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி தொண்டையை எரிக்கும். எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத் தூளை, வெந்நீரில் கரைத்து ஊற்றினால் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் எரிக்கும் ஆவி கிடையாது. என் ஓட்டு இதற்குத்தான்.

பிளீச்சிங் பவுடரின் வேலை வேறு. அது கிருமியைக் கொல்லும், கறையைக் கரைக்காது. மருத்துவமனையில் ரத்தம் சிந்திய தரைக்கு அது வேண்டும். அலுவலகத் தரைக்கு தினமும் எதற்கு? சோப்புத் தண்ணீரே போதும். அழுக்கின் மேல் பிளீச்சிங்கைப் போட்டால் அதன் வீரியமும் அழுக்கிலேயே போய்விடும்.

பெரிய ஆபத்து, இரண்டையும் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று ஆகும் என்ற நம்பிக்கை. ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் வீரர்களைக் கொன்ற அதே வாயு. காற்றைவிட சுமார் இரண்டரை மடங்கு கனமானது, அதனால் தரையோடு தங்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. எலுமிச்சை உப்பும் அமிலம்தான். பிளீச்சிங்கோடு அதையும் சேர்க்கவே கூடாது.

அப்புறம், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே. பீய்ச்சினால் நுண்துளிகள் காற்றில் மிதந்து நுரையீரலுக்குள் போகும். துணியில் ஊற்றித் துடைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஸ்பிரேயும் மற்றத் துப்புரவு மருந்துகளும் பழகிய பெண்களின் நுரையீரல் திறன் 20 ஆண்டுகளில் வேகமாகக் குறைந்ததை நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள்.

புடவைத் தலைப்போ துணி மாஸ்க்கோ வாயுவைத் தடுக்காது. அக்காவிடம் அதைச் சொன்னபோது, "இத்தனை நாள் யாரும் சொல்லலையே" என்றார். இப்போது கதவைத் திறந்துவைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார். எலுமிச்சை உப்பு ஒரு அலமாரியில், பிளீச்சிங் வேறு அலமாரியில். ஆசிட் கேனை இனி வாங்குவதாக இல்லை.