பழைய லேத்தில் ஸ்மார்ட் மேனுஃபேக்சரிங்: நோட்-ரெட் பயன்பாட்டு அனுபவம்

மெக்கானிக்கல் ஆசிரியர்களிடம் ஸ்மார்ட் மேனுஃபேக்சரிங் (மெஷின்களின் தரவைச் சென்சார் வழியாகக் கணினியில் பார்த்து உற்பத்தி செய்வது) என்றாலே, "லட்சக்கணக்கில் மெஷின் வாங்கணுமே" என்பார்கள். எங்கள் லேபில் புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. இருந்த லேத்தில் வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் கரண்ட் சென்சார், அந்த அளவை வைஃபையில் அனுப்பும் சின்ன ஈஎஸ்பி32 போர்டு, ஓரமாகக் கிடந்த கணினியில் அதை வாங்கிக் காட்டும் நோட்-ரெட் மென்பொருள். சில ஆண்டுகளாக மூன்றாம் ஆண்டு லேப் இதில்தான் ஓடுகிறது.

நோட்-ரெட் 2013இல் ஐபிஎம்மில் உருவானது, இலவசம். திரையில் பெட்டிகளைக் கோடு போட்டு இணைப்பதுதான் பெரும்பாலான வேலை. கோடிங் என்றாலே ஒதுங்கும் ஆசிரியரும் தைரியமாகத் தொடலாம்.

எனக்குப் பிடித்த வகுப்பு முதல் வகுப்புதான். சென்சாரை எங்கே மாட்டுவது என்று மாணவர்கள் சொல்ல வேண்டும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் மாட்டுவார். பெரும்பாலும் மொத்தக் கேபிளையும் சேர்த்துக் கவ்வச் சொல்வார்கள். லேத் சுற்றும், திரையில் பூஜ்யம். மூன்று ஃபேஸ் மின்னோட்டமும் கூட்டினால் பூஜ்யம் என்று தேர்வில் எழுதியவர்கள்தான்! ஒரு ஃபேஸை மட்டும் கவ்வியதும் கிராஃப் எழும்.

தொல்லைகளும் உண்டு. லாகின் பக்கம் கேட்கும் கல்லூரி வைஃபையில் ஈஎஸ்பி32 நுழையாது. லேபுக்குத் தனி ரவுட்டர் வையுங்கள். வைஃபை ஓடும்போது அந்த போர்டின் ஏடிசி2 பின்களில் (ஏடிசி என்பது அனலாக் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி; போர்டில் 1, 2 என இரண்டு உண்டு) அனலாக் அளவு எடுக்க முடியாது. ஏடிசி1 பின்களையே கொடுங்கள். நோட்-ரெட்டில் கிராஃப்களைக் காட்டும் திரையை அமைக்கும் பழைய டாஷ்போர்டு கைவிடப்பட்டுவிட்டது, புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக டாஷ்போர்டு 2.0க்குப் போங்கள். அப்புறம் காப்பி. ஒரு குழுவின் ஃப்ளோவை (பெட்டிகளை இணைத்த அமைப்பை) எக்ஸ்போர்ட் செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் வகுப்பு முழுக்க ஒரே டாஷ்போர்டு. அதனால் டாஷ்போர்டின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. வைவாவில் கட் ஆழத்தை மாற்றுவேன். கிராஃப் எப்படி மாறும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

அங்கேதான் சென்சாரின் குறையும் தெரியும். ஆழமாகச் சீவும் ரஃப் கட்டில் கரண்ட் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், லேசாகச் சீவும் ஃபினிஷிங் கட்டில் அசையவே அசையாது. இண்டக்‌ஷன் மோட்டார் சும்மா சுற்றும்போதே கணிசமான கரண்ட் எடுக்கும். லோடு கூடும்போது முதலில் உயர்வது பவர் ஃபேக்டர், அதாவது எடுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம். கரண்டை மட்டும் பார்த்தால் லேசான கட்டும் வெறும் சுற்றும் ஒன்றுபோல் இருக்கும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கிளாம்புக்குப் பதில் மாட்பஸ் (கருவிகள் கணினியோடு தரவு பரிமாறும் முறை) உள்ள எனர்ஜி மீட்டர் வாங்குங்கள். கிலோவாட்டை நேராகத் தரும், நோட்-ரெட்டில் அதற்கான நோடும் (பெட்டியும்) கிடைக்கிறது.