அடியில் கிடக்கும் அரிசிக்கு எந்தக் கணக்கு?

திருகோணமலைச் சீனன்குடாப் பக்கம் இருக்கும் எங்கள் அரிசி ஸ்டோரில் ஓர் அடுக்குக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பேலட் (மூட்டை ஏற்றிய பலகை). முதலில் வந்த அரிசி முதலில் போகவேண்டும், இல்லாவிட்டால் வண்டு வைத்துவிடும். அடுக்கோ கடைசியாக வைத்ததைத்தான் முதலில் தரும். அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதைத் தூக்கி வேறெங்கோ வைக்கவேண்டும். அந்த வீண் தூக்கலைக் குறைக்க மூன்று வழிகளைப் பார்த்தோம்.

ஆலைக்கு ஓர் அடுக்கு என்று ஒதுக்குவது லேசு. ஆனால் ஒன்று நிரம்பி வழிய, பக்கத்து அடுக்கு வெறுமையாகக் கிடக்கும். இடம் தாராளமாக உள்ளவர்களுக்குச் சரி.

அடுத்தது முழு எண் நிரலாக்கம்: எதை எங்கே வைப்பது என்ற முடிவுகளை முழு எண்களாக எழுதிக் கணினியைத் தீர்க்கவிடும் முறை. பேலட், லொறி, நாள் எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்தால் ஆகக் குறைந்த தூக்கலுக்கான திட்டத்தைத் தரும். அடுக்குகள் கூடக்கூடக் கணக்கு ஊதிப் பெருகும். இந்த அடுக்குக் கணக்கு என்பி-கடினம், அதாவது அளவு கூடினால் ஆகச் சிறந்த விடையை வேகமாகக் காண வழி தெரியாத வகை, என்று காசெர்ட்டா, ஷ்வார்ட்ஸே, ஃபோஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் ஒரு கட்டுரையில் நிறுவினார்கள். எங்கள் அளவுக்கு அது தடையில்லை, இரவுக்குள் விடை வந்துவிட்டது.

அதே கட்டுரையில் ஓர் எளிய விதியும் உண்டு. நாங்கள் எடுத்தது அதைத்தான். வியாழன் போகவேண்டிய பேலட் ஒன்று, இன்று போகவேண்டியதன் மேல் இருக்கிறது என்று வையுங்கள். மற்ற மூன்று அடுக்குகளில் முதலில் வெளியேறுவது முறையே புதன், சனி, அடுத்த செவ்வாய். வியாழனைச் சனி அடுக்கில் வைக்கவேண்டும். புதன் மேல் வைத்தால் மறுபடியும் தூக்கவேண்டும். செவ்வாய் அடுக்கில் வைத்தால், பிறகு வரும் ஞாயிறு பேலட்டுக்குப் பொருத்தமான இடமிருக்காது. வியாழனுக்குப் பிந்திய அடுக்கே இல்லையென்றால், இருப்பவற்றில் நாள் ஆகத் தள்ளியிருப்பதில் வை. அவ்வளவுதான்.

தாளில் முழு எண் திட்டம் ஒன்றிரண்டு தூக்கலால் முந்தியது உண்மை. ஆனால் திட்டம் கலைந்தால் யார் சரிசெய்வது? கார்த்திகை மழையில் மூதூர் லொறி காலை எட்டுக்கு வருவதாகச் சொல்லிப் பின்னேரம் வந்தது. இரவு போட்ட திட்டம் முதல் வரியிலேயே பிசகிவிட்டது. திரும்பக் கணக்குப் போட நான் மேசைக்கு ஓடவேண்டும். அதுவரை ஃபோர்க்லிஃப்ட் சும்மா நிற்கும். அடுக்கு ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணினி மாதிரியை எழுதிய பிள்ளையைத் தேடிப் பிடிக்கவேண்டும். விதிக்கு அந்தப் பராமரிப்பே இல்லை. ஓட்டுநர் அண்ணை ஒருமுறை கேட்டுவிட்டு, “புதனுக்கு மேல வியாழன் ஏத்தக்கூடாது, அதுதானே தம்பி?” என்றார். அதன் பிறகு லொறி எப்போது வந்தாலும் நின்ற இடத்திலேயே அவரே முடிவெடுக்கிறார்.

ஒரு பெரும்போகத்து அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன். கொள்கலன் முற்றத்தில் நான் வேலை செய்ததில்லை. ஒவ்வொரு தூக்கலுக்கும் பெரிய செலவு வரும் இடத்தில் கணினித் திட்டம் வெல்லக்கூடும்.

எந்தக் கணக்கானாலும் வெளியேறும் நாள் தெரியவேண்டும். அதனால் வாசலிலேயே பேலட்டில் சோக்கால் நாளை எழுதுகிறோம். நாள் சொல்லாமல் வரும் சரக்கு கதவோரத்தில் தனியாக, ஒற்றைத் தட்டாக நிற்கும்; அதன் மேல் எதையும் ஏற்றுவதில்லை.