ஆறு வருடம் ஓடிய பி.பி. மெஷின்: எண் சரி, கலர் தப்பு

ஆறு வருடமாக வீட்டில் இருக்கும் பி.பி. மெஷின், காற்று டியூப் மாற்றியதும் பழையபடி ஓடுகிறது. காற்று ஏறுவதற்குள் உஸ்ஸென்று இறங்கி எரர் காட்டினால் மெஷினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பெரும்பாலும் டியூப் மெஷினில் செருகும் முனையில்தான் விரிசல் இருக்கும். அந்த இடத்தை லேசாக வளைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கைப்பட்டையின் வெல்குரோ பிடி விட்டிருந்தாலும் இதே எரர்தான் வரும். டியூப், பட்டை இரண்டுமே தனியாக வாங்கி மாற்றக்கூடியவை.

“வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, இதே மெஷினை வாங்கலாமா?” என்று கேட்டவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

மேல்கையில் சுற்றிப் பார்க்கும் சாதாரண டிஜிட்டல் மெஷின் இது. பெரியவர்களுக்கு இதைக் குறை சொல்லவே முடியாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்த்தால் நம்பத்தக்க எண் வரும். கை பத்து செ.மீ. தாழ்ந்தால் ஏழெட்டு புள்ளி கூடும். அது உட்கார்ந்தவரின் தவறு, மெஷின் மேல் பழி போடக்கூடாது.

ஆறு வருடமாக எரிச்சலைக் கிளப்புவது திரையோரத்தில் இருக்கும் அந்தக் கலர் பட்டைதான். பச்சை, ஆரஞ்சு, சிவப்பு. கையை நீட்டுவது நான்கு வயதுப் பிள்ளையா, நாற்பது வயது ஆளா என்று அது கேட்பதே இல்லை. எல்லோருக்கும் ஒரே கோடு.

நான்கு வயதுப் பிள்ளைக்கு மேல் அளவு, அதாவது 120/80 என்பதில் முதலில் வரும் எண், சுமாராக 98 இருக்கும். வயதை இரண்டால் பெருக்கி 90-ஐக் கூட்டினால், ஒன்று முதல் பத்து வயது வரை நடு மதிப்பு கிடைத்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017 வழிகாட்டி, 13 வயதுக்குக் கீழே வயது, பாலினம், உயரம் மூன்றையும் வைத்துத்தான் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. நான்கு வயதில் மேல் அளவு 102, 103-ஐத் தொட்டாலே இன்னொரு முறை கவனமாகப் பார்க்க வேண்டும். 118/74 வந்தால் டாக்டரிடம் கட்டாயம் போயாக வேண்டும். இந்த மெஷின் அதற்குப் பச்சை காட்டும். சிவப்பு காட்டிப் பயமுறுத்தியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். கவலைப்பட வேண்டிய இடத்தில் ‘எல்லாம் நலம்’ என்று சொல்வதை எப்படி மன்னிப்பது? 13 வயதைத் தாண்டிவிட்டால் பெரியவர்களுக்கான 120/80 கோடே பொருந்தும்.

உடம்பு வளர வளர இந்த எண்கள் எல்லாம் ஒரே பக்கம் நகர்வதில்லை. பிறந்த குழந்தையின் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கொஞ்சம்தான், அதைப் பெரிதாகக் கூட்டவும் அதனால் முடியாது. ஆனால் ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 மில்லி ஆக்சிஜன் வேண்டும். பெரியவர்களுக்கு 3, 4 மில்லி போதும். அந்தத் தேவையை வேகத்தால்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அதனால்தான் நிமிடத்துக்கு நாடி 110 முதல் 160, மூச்சு 30 முதல் 60. பள்ளிக்கூட வயதில் நாடி 75 முதல் 118 வரை இறங்கிவிடும். வாலிபத்தில் நாடி 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. ரத்த அழுத்தம் மட்டும் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டே வரும். இதற்கெல்லாம் ஒரே கலர் பட்டை எப்படிப் பொருந்தும்?

அடுத்தது அந்த ‘சீரற்ற துடிப்பு’ இதயக் குறி. ஆரோக்கியமான பத்து வயதுப் பிள்ளைக்கும் அது மின்னும். மணிக்கட்டில் விரல் வைத்து, கண்ணை நெஞ்சில் வையுங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருங்கி வரும், விடும்போது விலகும். சில நொடி மூச்சைப் பிடிக்கச் சொன்னால் சீராகிவிடும். சின்ன வயதில் இது இயல்பு. மூச்சோடு ஒட்டாமல் கண்டபடி தவறினாலோ, மயக்கம், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு கூட இருந்தாலோ ஈ.சி.ஜி. எடுத்தே தீர வேண்டும்.

கையில் சுற்றும் பட்டையான கஃப் விஷயம் இன்னும் மோசம். பெட்டியில் வருவது 22–32 செ.மீ. கைக்கான ஒரே ஒரு கஃப். தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் டேப் சுற்றி அளந்தால், நான்கு வயதுப் பிள்ளைக்கு 17 செ.மீ. அளவில்தான் வரும். கஃப்புக்குள் இருக்கும் காற்றுப்பையின் அகலம் கைச்சுற்றளவில் 40 சதவீதமாவது, நீளம் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்தக் கைக்கு ஏழு செ.மீ. அகலம் போதும், பெரியவர் கஃப்பில் அது பன்னிரண்டைத் தாண்டும். கஃப் பெரிதானால் எண் குறைந்து வரும். பருமனான பதினைந்து வயதுப் பையனின் 36 செ.மீ. கையில் அதையே இழுத்துக் கட்டினால், இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். சரியான கஃப் போட்டும் சின்னப் பிள்ளைக்கு அளவு கூடுதலாக வந்தால், ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரிலும் இதே கதைதான். விரல் வழியே வெளிச்சம் பாய்ச்சி, துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் வெளிச்சத்தை மட்டும் பிரித்தெடுத்து ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடுவது 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி. கைக்குழந்தையின் விரல் அந்த கிளிப்பில் நிற்காது, வெளிச்சம் விரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பாதத்தில் சுற்றும் சென்சார் வேண்டும். திரையில் வரும் நாடியும் நீங்கள் கையால் எண்ணிய நாடியும் ஒத்துப்போகவில்லை என்றால், பக்கத்தில் உள்ள ஆக்சிஜன் எண்ணையும் நம்பாதீர்கள்.

கைக்குழந்தைக்கு ரொம்ப உதவும் அளவு மூச்சு எண்ணிக்கை. இந்த மெஷின் அதைப் பார்க்கவே பார்க்காது. குழந்தை தூங்கும்போது சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள், ஏறி இறங்கினால் ஒன்று. முழு 60 நொடி எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. பிறந்த குழந்தை ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்திவிட்டு அப்புறம் வேகமாக விடும். 20 நொடி நின்றாலோ, உதடு நீலமானாலோ எண்ணிக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நிமிடத்துக்கு, இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இதைத் தொட்டாலே வேக மூச்சு. காய்ச்சலில் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் நாடி பத்து துடிப்பு போல ஏறும், மூச்சும் ஏறும். மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது.

நல்ல மெஷின், உழைக்கிறது, பெரியவர்களுக்கு எண் பொய் சொல்வதில்லை. ஆனாலும் பிள்ளைக்காக வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரும் நொடி முள் கடிகாரமும் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கலர் பட்டை மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, நேரம், வயது, எந்தக் கை, என்ன கஃப், தூக்கமா விழிப்பா அழுகையா என்று எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். அழுகையில் எடுத்த எண்ணை அடித்துவிட்டு, குழந்தை அடங்கியதும் மறுபடி எடுங்கள்.