கிரிமியாவா, லிவோனியாவா? நான்காம் இவானுக்கு முன்னிருந்த இரண்டு பாதைகள்

1556-இல் அஸ்த்ரகானும் விழுந்ததோடு வால்கா ஆறு முழுக்க மாஸ்கோவின் வசம் வந்துவிட்டது. அடுத்து எந்தப் பக்கம்? ஜாரின் ஆலோசகர் அலெக்சேய் அதாஷேவும் அவரைச் சேர்ந்தவர்களும் தெற்கே தாத்தாரியரின் கிரிமிய கானரசை அடிக்க வேண்டும் என்றார்கள். ஜார் நான்காம் இவானின் கண்ணோ மேற்கே பால்டிக் கரையில், ஜெர்மன் துறவி வீரர்களின் சங்கம் ஆண்டுவந்த லிவோனியாவின் மீது இருந்தது. 1558 ஜனவரியில் படை மேற்கே போனது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு, பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டுத் திரும்பியது. அதனால் அதாஷேவ் சொன்னதுதான் சரி என்று ஒரு கட்சி இன்றுவரை உண்டு. என் ஓட்டு மேற்குக்குத்தான். தேர்வில் பிழையில்லை, நடத்திய விதத்தில்தான் பிழை.

தெற்குக்கான நியாயத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கிரிமியக் குதிரைப்படை ஆட்களைப் பிடித்துப் போய் அடிமைச் சந்தையில் விற்றது. 1552-இல் இவான் வால்காக் கரையிலுள்ள கசானைப் பிடிக்கக் கிளம்பிய நேரம் பார்த்துத் தூலாவை முற்றுகையிட்டது. மேற்கின் லாபமும் தெரிந்ததுதான்: துறைமுகம், சுங்கம், ஐரோப்பியச் சரக்கு. 1553-இல் ஆங்கிலேயர் கண்டுபிடித்து வந்த வெண்கடல் வழி வருடத்தில் சில மாதமே திறந்திருக்கும், சுற்றும் அதிகம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. யானையைப் பிடிப்பது வேறு, கட்டித் தீனி போடுவது வேறு. மாஸ்கோ படையின் பெரும்பகுதி சம்பளத்துக்கு நின்ற படை அல்ல. ஜார் கொடுத்த நிலத்தில் குடியானவர்கள் உழுது தருவதைச் சாப்பிட்டு, அழைத்தபோது குதிரையோடு வந்து நிற்கும் மானியப் படை. 1556-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 செத்வெர்த் (பழைய ருஷ்ய நில அளவு) நல்ல நிலத்துக்கு ஒரு குதிரைவீரன், முழுக் கவசத்தோடு. தொலைதூரப் படையெடுப்பு என்றால் இரண்டாவது குதிரையும் கொண்டுவர வேண்டும். சாப்பாடு அவரவர் பொறுப்பு. இப்படிப்பட்ட படை ஓர் ஊரைப் பிடிக்கும். அங்கேயே உட்கார வேண்டுமானால் அந்த ஊரைச் சுற்றி உழுத நிலம் இருந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கைத் தெற்கே போட்டுப் பாருங்கள். மாஸ்கோவிலிருந்து கிரிமியாவின் வாசலான பெரெகோப் நிலஇடுக்குக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல். ஓகா ஆற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஊரில்லை. அப்புறம் மரமும் அருகிவிடும். 30,000 வீரர்கள் ஆளுக்கு இரண்டு குதிரை என்றால் 60,000 குதிரைகள். ஒன்றுக்குத் தினம் 30 லிட்டர் வைத்தாலும் 18 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும், அதுவும் கோடையில், புல்வெளி நடுவே. புல்லை மேயவிட்டால் நடை குறையும். தாத்தாரியர் புல்லுக்குத் தீ வைத்துவிட்டால் அதுவும் இல்லை.

‘கசானைப் பிடித்தவர்களுக்கு இது முடியாதா?’ என்பார்கள். கசானைப் பிடித்ததில் பாதிப் பங்கு வால்காவுக்கு. 1551-இல் உக்லிச் பக்கத்துக் காட்டில் மரம் வெட்டி, கோட்டைச் சுவரை அங்கேயே அளவு பார்த்துச் செய்து, பிரித்து, ஆற்றில் மிதக்கவிட்டார்கள். கசானுக்கு அருகே அதைச் சுமார் நான்கு வாரத்தில் பூட்டி நிறுத்தியதுதான் சிவியாழ்ஸ்க் கோட்டை. கிரிமியாவுக்கு அப்படி ஓர் ஆறு கிடையாது. நீப்பர் நடுவில் பாறை அருவிகள், முகத்துவாரத்தில் ஒச்சாகோவ் கோட்டை. டான் ஆற்றின் வாயில் அசோவ், அது துருக்கி உஸ்மானியர் கையில். கானை வீழ்த்தினாலும் அடுத்து எதிரே நிற்பது சுல்தான்.

1559-இல் அலெக்சேயின் சகோதரர் தானியேல் அதாஷேவ் படகுகளில் நீப்பர் வழியே இறங்கிக் கிரிமியாவின் மேற்குக் கரையைச் சூறையாடினார். துணிச்சலான வேலைதான், ஆனால் கொளுத்திவிட்டுத் திரும்பத்தான் முடிந்தது. பின்னால் வந்தவர்கள் கதையும் அதே. 1687-இல் ருஷ்யத் தளபதி கோலித்சின் எரிந்த புல்வெளியைப் பார்த்துத் திரும்பினார். 1689-இல் பெரெகோப் வரை போயும் தண்ணீரின்றித் திரும்பினார். 1736-இல் இன்னொரு ருஷ்யத் தளபதி மியூனிக் உள்ளேயே நுழைந்து கானின் தலைநகர் பக்சிசராயை எரித்தார். அவர் படையைக் கரைத்தது வாளைவிட நோயும் பசியும்தான்.

மேற்கே நிலைமை தலைகீழ். 1492-இல் மூன்றாம் இவான் கட்டிய இவான்கொரோத் கோட்டை நார்வா நகருக்கு நேர் எதிர்க்கரை. பீரங்கியைத் தன் கோட்டைக்குள்ளிருந்தே சுடலாம். அப்படியே சுட்டார்கள். 1558 மே மாதம் ஊருக்குள் தீப்பிடித்த குழப்பத்தில் ஆற்றைக் கடந்து நார்வாவை எடுத்தார்கள். ஜூலையில் தோர்பாத் (இன்றைய தார்த்து) சரணடைந்தது. மாஸ்கோவின் எல்லை நகரான பிஸ்கோவிலிருந்து அது 120 கிலோமீட்டர் அளவுதான். முக்கியமானது அதற்குப் பின் நடந்தது. தோர்பாத் வட்டாரத்தில் உழுத நிலமும் குடியானவர்களும் இருந்ததால், அங்கேயே வீரர்களுக்கு மானியம் பிரித்துக் கொடுக்க முடிந்தது. பிடித்த நிலமே காவல்படைக்குச் சோறு போட்டது. நார்வா துறைமுகம் 23 ஆண்டுகள் மாஸ்கோவுக்காக ஓடியது.

அப்படியானால் எங்கே கெட்டது? முதல் அடி 1559-இல். கிரிமியப் படையெடுப்புக்குக் கையை விடுவித்துக்கொள்ள, லிவோனியாவுக்கு ஆறு மாதப் போர்நிறுத்தம் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் துறவி வீரர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவரான கெட்லர் லிதுவேனியாவிடம் போய்ப் பாதுகாப்பு வாங்கிவிட்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்ததன் விலை இது. தெற்குக் கட்சி தனியாகத் தோற்கவில்லை, மேற்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

இரண்டாவது, ரெவால் (இன்றைய தாலின்). 1561-இல் அந்நகரம் தன்னைச் சுவீடனிடம் ஒப்படைத்துக்கொண்டது. 1570-71-இலும் 1577-இலும் முற்றுகையிட்டும் விழவில்லை. காரணம் எளிது: நிலப்பக்கம் அடைத்தாலும் கடல்பக்கம் திறந்திருந்தது, அடைக்க மாஸ்கோவிடம் கடற்படை இல்லை. மூன்றாவது, 1563-இல் லிதுவேனியாவின் போலத்ஸ்கைப் பிடித்தது. அது வெற்றிதான், ஆனால் அதோடு இது லிதுவேனியாவோடு நேர்ப்போராகிவிட்டது. 1569-இல் லூப்ளினில் போலந்தும் லிதுவேனியாவும் ஒன்றாயின. பத்து ஆண்டில் போலந்து அரசர் ஸ்டெபான் பாத்தோரி வந்து போலத்ஸ்கைத் திருப்பி எடுத்தார்.

மேற்கைத் தேர்ந்ததால் தெற்குச் செலவு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படை லிவோனியாவில் கிடக்க, 1571-இல் கிரிமிய கான் தெவ்லெத் கிராய் ஓகாவைத் தாண்டி வந்து மாஸ்கோவையே எரித்தான். மறு ஆண்டு மோலதியில் மாஸ்கோ தளபதி வோரோதின்ஸ்கி நகரும் மரக்கோட்டையை வைத்து அவனைத் தடுத்து விரட்டினார். ஓகா காவல் எந்தத் தேர்விலும் தவிர்க்க முடியாத செலவு. அதைக் கிரிமியா வரை நீட்டுவதுதான் தவிர்க்கக்கூடியது.

நார்வாவோடும் தோர்பாத்தோடும் நின்றிருந்தால் தப்பியிருக்குமா? ஊகம்தான். சுவீடனும் போலந்தும் அந்தத் துறைமுகத்தைச் சும்மா விட்டிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. தெற்கைப் பற்றி அப்படி ஊகிக்க வேண்டியதில்லை. 1635 முதல் பெல்கொரோத் கோட்டை வரிசையைக் கட்டி, கோட்டைக்குப் பின்னால் உழவர்களைக் குடியேற்றி, வயலை அடியடியாகத் தெற்கே நகர்த்திக்கொண்டு போன பிறகுதான் கிரிமியா கைக்கு எட்டியது. அது இணைக்கப்பட்ட ஆண்டு 1783.