வோல்வோ 240 வேகன்: விற்றுவிட்டவன் எழுதும் விமர்சனம்

இந்த வண்டியை நான் விற்று பதினோரு வருடம் ஆகிறது. விற்ற அன்று துளி வருத்தம் இல்லை, சொல்லப்போனால் நிம்மதியாகத்தான் இருந்தது. வருத்தம் மூன்று நான்கு வருடம் கழித்து மெதுவாக வந்தது, வந்தது போகவும் இல்லை. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் அதே மாதிரி வேகனில் ஒரு பீரோவை ஏற்றி இறக்கக் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் சாவியை நீட்டி, "திரும்பும்போது நீங்களே ஓட்டுங்களேன்" என்றார். இரண்டு மணி நேரம் ஓட்டினேன். என் ஞாபகத்தில் இருக்கும் வண்டியும் நிஜ வண்டியும் ஒன்றுதானா என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது, அதனால் எழுதுகிறேன்.

பார்த்திராதவர்களுக்கு: வேகன் என்றால் கூரை பின்கதவு வரை நீண்டு, பின்னால் சாமான் ஏற்ற இடம் உள்ள கார். ஒரு குழந்தை கையில் பென்சிலைக் கொடுத்துக் கார் வரையச் சொன்னால் என்ன வருமோ அதுதான் இந்த வண்டி. 1974-இல் ஆரம்பித்து 1993 வரை செய்தார்கள், செடானும் வேகனுமாக 28 லட்சத்துக்கு மேல். அதிலும் முழுக்கப் புதிது என்று சொல்ல முடியாது. முன்பாதியைத்தான் மாற்றினார்கள், முன்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் 1966-இல் வந்த 140 என்ற முந்தைய வோல்வோவின் உடம்பு. ஆரம்பத்தில் வேகனுக்கு 245 என்று பெயர்: 200 வரிசை, நான்கு சிலிண்டர், ஐந்து கதவு. பெயர் வைக்க யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசிக்கவில்லை என்று தெரிகிறது, எனக்கு அது பிடிக்கும்.

முதலில் ஞாபகம் ஏமாற்றிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன். வேகம். என் நினைவில் அது "நிதானமான" வண்டி. நிஜத்தில் மந்தம். 2.3 லிட்டர் எஞ்சின், 110-க்குச் சற்றுக் கூடுதலான குதிரைத்திறன், அது இழுக்க வேண்டியதோ 1,300 கிலோவுக்கு மேல். ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். சத்தமும் அப்படித்தான், வேகம் கூடக் கூட ஜன்னல் ஓரத்தில் காற்று விசில் அடிக்கிறது, பக்கத்தில் இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பெட்ரோல் குடிப்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. இதையெல்லாம் நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அல்லது மறக்க விரும்பியிருக்கலாம்.

இனி ஞாபகம் சரியாகச் சொன்னவை. உட்கார்ந்ததும் முதலில் தெரிவது வெளிச்சம். கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கும் தூண்கள் விரல் மாதிரி ஒல்லியாக இருக்கின்றன, சுற்றிலும் எல்லாம் தெரிகிறது, வண்டியின் நான்கு மூலையும் எங்கே முடிகிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பினாலே போதும், கேமரா வேண்டாம். அடுத்தது திருப்பம். கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளமுள்ள இந்த வேகன் 9.8 மீட்டர் வட்டத்துக்குள் திரும்பிவிடும். எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, பின்சக்கரங்கள்தான் தள்ளுகின்றன, முன்சக்கரங்களுக்குத் திரும்புவதைத் தவிர வேறு வேலை இல்லை, அதனால் அவற்றை அவ்வளவு தூரம் ஒடிக்க முடிகிறது. இன்றைய சின்னக் கார்கள் இரண்டு தடவை முன்னும் பின்னும் போய் வரும் இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பி நிற்கும்.

அப்புறம் அந்தப் பொத்தான். 80-களின் நடுப்பகுதி வரை வந்த பல மேனுவல் வண்டிகளில் ஐந்தாவது கியர் என்று தனியாகக் கிடையாது. நான்கு கியர், அதன் மேல் ஓவர்டிரைவ், அதாவது அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்ற வைக்கும் கூடுதல் அமைப்பு. கியர் கம்பியின் தலையில் ஒரு சின்னப் பொத்தான், நாலாவதில் ஓடும்போது கட்டை விரலால் அழுத்தினால் முன்னால் ஒரு விளக்கு எரியும், எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கும். அவ்வளவுதான் விஷயம். வண்டியை விற்ற பிறகு பல மாதம், புது வண்டியின் கியர் குமிழில் என் கட்டை விரல் இல்லாத பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு போன மாதம் உட்கார்ந்தபோது நான் யோசிக்கவே இல்லை, விரல் நேராக அதன் மேல் போய் நின்றது.

பானட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதை முழுக்கச் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தலாம். எஞ்சினைச் சுற்றிக் கை மட்டுமல்ல, முழங்கை வரை போகும் இடம் இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத நானே ஹெட்லைட் பல்பும் பெல்ட்டும் மாற்றியிருக்கிறேன். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் இந்த எட்டு வால்வு எஞ்சினில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்காது. வண்டி நின்றுவிடும், புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். பல எஞ்சின்களில் அதே பெல்ட் அறுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய 240-கள் இன்னும் சாலையில் இருப்பதற்கு இந்த மாதிரி அலட்டல் இல்லாத வடிவமைப்புதான் காரணம்.

சரி, பிறகு ஏன் விற்றாய் என்று கேட்பீர்கள். நல்ல பதில் இல்லை. பக்கத்து வீட்டில் டாஷ்போர்டில் டிஸ்ப்ளே வைத்த புது வண்டி வந்தது, என் வேகன் திடீரென்று கிழட்டுத்தனமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வாங்கிய புது வண்டியின் பெயர் வேண்டாம். அதில் ஒரு முன்விளக்கு பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னபோது, நான் செய்த தப்பு எனக்கு முதல் தடவையாக உறைத்தது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பழைய வோல்வோ என்றதும் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். 1976-இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த வண்டியைத் தன் சோதனைகளுக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது உண்மை. ஆனால் அது அந்தக் காலத்து அளவுகோல். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இதன் வாழ்க்கையின் கடைசி சில வருடங்களில்தான் எட்டிப் பார்த்தன. இன்று குடும்பத்தோடு தினமும் போக இதைத்தான் நம்புவேன் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மகள் டிக்கியில் பின்பக்கம் பார்த்து உட்காரும் அந்தக் கூடுதல் சீட்டில் இருந்து, பின்னால் வரும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் கை காட்டிக்கொண்டே வருவாள். இப்போது நினைத்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது. அவளுக்கு அந்த வண்டியைப் பற்றி ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு: 1985-இல் டர்போ வைத்த 240 ஐரோப்பிய டூரிங் கார் பந்தய சாம்பியன்ஷிப்பை வென்றது. பறக்கும் செங்கல் என்று பெயர். என்னுடையது செங்கல் மட்டும்.

விற்ற வண்டியை நினைத்து ஏங்குகிறவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன், குதிரைத்திறனை யாரும் எடுப்பதே இல்லை. சாப் 900 கார் வைத்திருந்தவர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தரையோரமாகச் சாவி போடுவதையும், ரிவர்ஸ் கியர் போடாமல் சாவி வெளியே வராததையும் சொல்வார். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருந்தவர், துணிக்கூரையை மடிக்கும் முன் பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பைத் திறந்து படுக்க வைப்பதைக் கையாலேயே காற்றில் செய்து காட்டுவார். எனக்குப் பொத்தான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கிலோமீட்டர் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், அதற்குள் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்து எண் அப்படியே நின்றுவிடுவது இந்த மாடலில் பேர்போன விஷயம். 80-களின் முற்பாதியில் வந்த வண்டி என்றால் எஞ்சின் ஒயரிங் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள், அந்தக் காலத்து ஒயரின் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். ஹீட்டர் ஃபேனை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள், அந்த மோட்டாரை மாற்ற டாஷ்போர்டின் உள்ளே பாதியைக் கழற்ற வேண்டும். வேகன் என்றால் பின்கதவை நாலைந்து தடவை திறந்து மூடி, பின்பக்க வைப்பரும் விளக்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், கீல் ஓரத்தில் ஒயர் அறுந்திருக்கும். தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா பார்ப்பது எந்தப் பழைய வண்டிக்கும் பொது.

மதிப்பெண்: தினமும் ஓட்டும் வண்டியாக ஐந்துக்கு இரண்டரை. விற்காமல் மூலையில் வைத்திருந்திருக்க வேண்டிய வண்டியாக ஐந்துக்கு ஐந்து. யாரிடமாவது விற்பனைக்கு ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வேகன்தான் வேண்டும், ஓவர்டிரைவ் பொத்தான் கட்டாயம், நிறம் எதுவானாலும் சரி.