தீக்காயத்துக்கு வெள்ளைக் களிம்பா, தேனா?

தீக்காயம் என்று போனால் ஆஸ்பத்திரியில் முதலில் எடுப்பது அந்த வெள்ளைக் களிம்பைத்தான். சில்வர் சல்ஃபாடயசின். 1960களின் கடைசியிலிருந்து அதன் ராஜ்ஜியம். அதற்கு எதிரே தேனை நிறுத்திப் பார்த்தவர் சோலாப்பூரைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் எம். சுப்ரமணியம். 1991-இல் வெளியான அவருடைய ஆய்வில் 104 நோயாளிகள், எல்லாருக்கும் மேலோட்டமான தீக்காயம். பாதிப் பேருக்குத் தேன், பாதிப் பேருக்குக் களிம்பு. 15 நாளில் தேன் பக்கம் 87 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. களிம்பு பக்கம் 10 சதவீதம்தான்.

இவ்வளவு பெரிய இடைவெளியை நான் அப்படியே நம்பவில்லை. எது தேன், எது களிம்பு என்று பார்த்தாலே தெரிந்துவிடும் ஆய்வு அது, அதனால் மதிப்பிடுபவரின் சாய்வு கலந்துவிடலாம். 2015-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசியபோது, ஆழமில்லாத தீக்காயம் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுவது உறுதியானது. களிம்போடு நேருக்கு நேர் மோதிய ஆய்வுகளிலும் தேன்தான் முந்துகிறது, ஆனால் ஆதாரம் பலவீனம்.

களிம்பின் குறை கட்டைப் பிரித்தால் தெரியும். புண்மேல் பாலாடைபோல ஒரு படலம் படிந்திருக்கும். அதைத் துடைத்தெடுத்தால்தான் ஆழம் எவ்வளவு என்று பார்க்க முடியும். துடைக்கும்போது வலி உயிர் போகும். களிம்பிலுள்ள வெள்ளி கிருமியைக் கொல்வதோடு புதிதாக முளைக்கும் தோலையும் தாமதப்படுத்துகிறது. தேன் வேறு வகை. அதன் சர்க்கரை கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சுகிறது, அமிலத்தன்மை கிருமிக்கு ஒத்துக்கொள்வதில்லை. புண்ணின் நீர் கலந்ததும் தேனிலுள்ள நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. துணியும் புண்ணில் ஒட்டாது. உடல் சூட்டில் இளகி வழிவதும், சிலருக்கு எரிவதும்தான் தொல்லை.

சரி, எந்தத் தேன்? சமையலறைத் தேன் வேண்டவே வேண்டாம். சூடாக்கிய தேனில் அந்த நொதி போய்விடும். சூடாக்காததில் கிளாஸ்ட்ரிடியம் என்ற நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கலாம். மருத்துவத் தேனைக் காமா கதிரால் சுத்திகரிக்கிறார்கள். வித்து அழியும், நொதி பிழைக்கும். நியூசிலாந்தின் மனுக்கா தேனில் கிருமியைக் கொல்லும் மெத்தில்கிளையாக்சால் என்ற இன்னொரு பொருளும் இருப்பதால் அது பெராக்சைடை மட்டும் நம்பி இல்லை.

தேனுக்கும் எல்லை உண்டு. ஆழமான தீக்காயத்தில், கருகிய தோலைச் சீக்கிரமே அகற்றி ஒட்டுத்தோல் வைப்பதே தேனைவிட மேல் என்று 1999-இல் காட்டியவரும் அதே சுப்ரமணியம்தான். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. நியூசிலாந்தில் 368 பேரிடம் நடந்த ஆய்வில், சிரைக் கோளாறால் வரும் கால்புண்ணுக்குத் தேன் கூடுதல் பலன் தரவில்லை, வலிதான் கூடியது.

என்னைக் கேட்டால், சின்ன, மேலோட்டமான காயத்துக்கு மருத்துவத் தேன் கட்டு. அதற்கு முன்னால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்கள் களிம்பைத் தொடவே கூடாது. முகம், கை, மூட்டு என்றாலோ, பட்டது குழந்தை என்றாலோ, வீட்டில் எதையும் பூசாமல் நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.