பட்ஜெட்டை டிவியில் பார்ப்பதா, மறுநாள் பேப்பரில் படிப்பதா?

2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நிர்மலா சீதாராமன் உரையின் கடைசிக் கட்டத்தில் டிவியில் பட்டை ஓடியது: "12 லட்சம் வரை வருமான வரி இல்லை." உடனே தம்பியிடமிருந்து போன். அவனுக்கு ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு 75,000 போனால் 13.25 லட்சம். "அப்ப 12 போக மிச்சம் ஒன்னேகால் லட்சத்துக்குத்தானே வரி? 15 சதவீதம்னா 18,750. சரிதானேண்ணே?"

ஞாயிறு காலை பேப்பரில் வரி அடுக்கு அட்டவணை வந்தது. 12 லட்சம் வரை உள்ளவர்களுக்குக் கிடைப்பது 60,000 ரூபாய் வரையிலான தள்ளுபடிதான். அந்தக் கோட்டைச் சற்றே தாண்டியவர்களுக்கு ஓரளவு நிவாரணம் உண்டு. தம்பி அதையும் தாண்டியவன். தள்ளுபடி கிடையாது என்பதால் அவனுக்குக் கணக்கு, வரியில்லாத முதல் அடுக்கு முடியும் 4 லட்சத்திலிருந்தே தொடங்கும். வரி 78,750, அதன் மேல் போடும் கூடுதல் வரியான செஸ் தனி. முந்தைய அடுக்கில் 1,05,000 வந்திருக்கும் என்பதால் அவனுக்கு லாபம்தான். ஆனால் ஒரு நாள் முழுக்க அவன் நம்பியிருந்த தொகை வேறு.

டிவியின் பலம், உரையை அமைச்சரின் வாயாலேயே கேட்கலாம் என்பது. மூலதன ஆதாயம் (பங்கு, சொத்து விற்ற லாபம்) போன்ற வருமானத்துக்கு இந்தச் சலுகை இல்லை, புதிய வரிமுறையில் மட்டுமே உண்டு என்பதெல்லாம் உரையிலேயே இருந்தது. பட்டையில்தான் இல்லை. மாலை விவாதங்களைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வரி அடுக்கு யாருக்கும் புரியாது.

பேப்பரில் எனக்குப் பிடித்தது 'ஒரு ரூபாய்' படம். அந்த பட்ஜெட்டின்படி அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடன், 22 காசு வருமான வரி, 17 காசு கம்பெனி வரி. செலவில் 20 காசு வட்டிக்கே. கம்பெனிகளைவிடத் தனிமனிதர்கள் அதிகம் கட்டுகிறோம் என்பதை எந்த விவாதத்தையும்விட அந்த வட்டம் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

அதனால் என் ஓட்டு பேப்பருக்கே. ஆனாலும் ஒரு வருத்தம். அந்த பட்ஜெட்டில் நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி, முந்தைய பட்ஜெட்டில் ஒதுக்கிய அதே தொகை. விலைவாசி ஏறும்போது தொகை அப்படியே நின்றால் அது குறைப்புதான். நான் வாங்கிய நாளிதழில் தலைவர்களின் பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஒரு முழுப் பக்கம் இருந்தது. இதற்கு இருந்தது ஒரே வரி, அதுவும் "86,000 கோடி ஒதுக்கீடு" என்று, போன வருடம் எவ்வளவு என்ற விவரமே இல்லாமல்.